பதினைந்து பேரை வைத்துச் செய்த ஆய்வு

எம்.எஸ். ஆர்த்தோ சேர்ந்தவர்களுக்கு முதல் கவலை தீசிஸ் தலைப்பு. சீனியரின் பழைய தலைப்பையே கொஞ்சம் மாற்றி ஒப்பேற்றிவிடலாம், பட்டமும் வந்துவிடும். ஆனால் பைண்டிங் போட்ட அந்தப் புத்தகத்தை அப்புறம் யாரும் புரட்டப்போவதில்லை. எலும்பியலிலோ விளையாட்டு மருத்துவத்திலோ ஆய்வாளர் என்று பெயரெடுக்க நினைப்பவர்கள் ஸ்வீடன் நாட்டு டாக்டர் ஹோக்கன் ஆல்ஃப்ரெட்சனின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

வடக்கு ஸ்வீடனில் ஊமியோ நகரத்து எலும்பு மருத்துவர் அவர். ஓடும் பழக்கமும் உண்டு. 1990களில் அவருக்கே குதிகாலுக்கு மேலே அக்கிலிஸ் தசைநாணில் தீராத வலி. ஆபரேஷன் செய்யச் சொல்லிக் கேட்டார். அவருடைய தலைமை மருத்துவர் மறுத்துவிட்டார். தசைநாண் அறுந்துபோனால் ஆபரேஷன் செய்துதானே ஆக வேண்டும் என்று, அறுந்து தொலையட்டும் என்றே ஆல்ஃப்ரெட்சன் தன் காலுக்குக் கடுமையான பயிற்சி கொடுத்தார். அறவில்லை, வலிதான் போனது!

சொந்த அனுபவத்தை கேன்டீனில் சொல்லிச் சிரித்ததோடு அவர் நிறுத்தவில்லை. அதற்கு மாத்திரைபோல ஓர் அளவு வகுத்தார். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, உடம்பின் எடை முழுவதையும் வலிக்கிற காலில் போட்டு, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். மேலே எழும்ப நல்ல காலைத்தான் பயன்படுத்த வேண்டும். முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் 3 சுற்று, லேசாக மடக்கி இன்னொரு 3 சுற்று, காலையும் மாலையும். ஒரு நாளைக்கு 180 தடவை, மொத்தம் 12 வாரம். வலித்தாலும் தொடரலாம்; பழகிவிட்டால் முதுகுப்பையில் எடை ஏற்றிக்கொள்ளலாம். 1998இல் வெளியான கட்டுரையில் இந்தப் பயிற்சியைச் செய்தவர்கள் 15 பேர்தான். அத்தனை பேரும் பழையபடி ஓடத் தொடங்கினார்கள். வழக்கமான சிகிச்சை பெற்ற ஒப்பீட்டுக் குழுவின் 15 பேருக்கும் கடைசியில் ஆபரேஷன்.

குறை சொல்லலாம். ஆட்கள் குறைவு, குலுக்கல் முறையில் பிரிக்கவும் இல்லை. இன்றைக்கு நல்ல இதழ் ஒன்றுக்கு அனுப்பினால் திரும்பி வரக்கூடும். ஆனாலும் உலகமெங்கும் பிசியோதெரபிஸ்ட்கள் அதைக் கையில் எடுத்தார்கள், ஏனென்றால் செலவு இல்லை; எத்தனை தடவை, எத்தனை நாள் என்று தெளிவாக இருந்தது. பின்னால் வந்தவர்கள் தங்கள் முறையை இதோடுதான் ஒப்பிட்டார்கள். வாரம் மூன்று நாள் கனமான எடையை மெதுவாகத் தூக்கி இறக்கினாலும் ஏறக்குறைய அதே பலன் என்று 2015இல் ஒரு டேனிஷ் குழு காட்டியது. தன் ஆய்வை இன்னொருவர் அளவுகோலாக வைத்துக்கொள்வதுதான் ஓர் ஆய்வாளருக்குக் கிடைக்கும் உண்மையான மதிப்பு என்பேன்.

சைட்டேஷன் எண்ணிக்கை வேண்டாமா என்றால், வேண்டும். பதவி உயர்வுக் குழு அதைத்தான் பார்க்கும். 2005இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் சொன்ன எச்-இன்டெக்ஸ் கணக்கு எளிது: தலா 10 சைட்டேஷனாவது பெற்ற கட்டுரைகள் உங்களிடம் 10 இருந்தால் உங்கள் எண் 10. ஆனால் ஒரு கட்டுரையால் எத்தனை ஆபரேஷன் தவிர்க்கப்பட்டது என்பதை அந்த எண் சொல்லாது. பெயரை மட்டும் செருகிக்கொண்டவரையும் அது பிரித்துப் பார்க்காது.

எனவே தலைப்பை ஓபியில் தேடுங்கள். வாராவாரம் வருகிற, உங்கள் யூனிட்டில் ஆளுக்கொரு விதமாக வைத்தியம் பார்க்கிற தொந்தரவு எது? அதை எடுங்கள். கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழு செய்தது அதைத்தான். விபத்தில் எலும்பு வெளியே தெரிய நொறுங்கி வரும் காலைக் காப்பாற்றலாமா, எடுத்துவிடலாமா என்ற கேள்விக்குத் தோல், எலும்பு, தசை என்று தனித்தனியே மதிப்பெண் போடும் முறையை 2006இல் வெளியிட்டார்கள். 14 வரை என்றால் காப்பாற்றப் பார்க்கலாம். 17, அதற்கு மேல் என்றால் எடுப்பது பற்றி யோசிக்கலாம். நடுவில் இருப்பவை மருத்துவரின் தீர்ப்புக்கு. நள்ளிரவு கேஷுவால்டியில் டியூட்டி டாக்டர் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு.

அடுத்தது அளவீடு. சொந்தமாகக் கேள்வித்தாள் தயாரிக்காதீர்கள், மற்ற ஆய்வுகளோடு ஒப்பிடவே முடியாமல் போகும். முழங்காலுக்கு ஈவா ரூஸ் குழு உருவாக்கிய கூஸ் கேள்வித்தாள் இருக்கிறது. 42 கேள்விகள், இலவசம். அக்கிலிஸுக்கு விசா-ஏ. ஃபாலோ அப்புக்கு வராதவர்களைக் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் கழற்றிவிடும் பழக்கம் நம்மிடம் அதிகம். போன் போட்டுக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் எத்தனை பேர் என்று கட்டுரையிலேயே எழுதுங்கள்.

சிகிச்சையைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு என்றால், எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் வந்ததும் சிடிஆர்ஐ எனும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் தளத்தில் பதிவு செய்துவிடுங்கள். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் பின்தேதிப் பதிவை அங்கே ஏற்பதில்லை.