பட்டாளத்திலிருந்து திரும்பிய தம்பிக்கு: கொல்லிமலைக் காட்டில் கைகொடுக்க அக்காவின் 8 டிப்ஸ்

பட்டாளத்தில் சிப்பாயாகச் சேர்ந்தவர்களில் பலர் நாற்பது வயதுக்கு முன்பின்னாகப் பென்ஷனோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். உடம்பில் தெம்பு இருக்கிறது, கையில் தொழில் இருக்கிறது, அதிகாலையில் எழும் பழக்கமும் விடவில்லை. இதையெல்லாம் ஊருக்குப் பயன்படும்படி எங்கே கொடுக்கலாம் என்று கேட்கும் தம்பிகளுக்கு நான் சொல்லும் இடம் கொல்லிமலை. சாமையையும் தினையையும் கேழ்வரகையும் இன்றுவரை காப்பாற்றி வரும் மலையாளிப் பழங்குடி மக்களின் காடுகளுக்கும் விதை வங்கிகளுக்கும் உழைக்கும் கைகள் எப்போதும் தேவை.

இதற்கு முன்மாதிரிகள் உண்டு. சுண்ணாம்புக்கல் வெட்டி மொட்டையான முசௌரி மலையைப் பசுமையாக்க, முன்னாள் படைவீரர்களைக் கொண்டே 1982-ல் டேராடூனில் ஒரு சுற்றுச்சூழல் படைப்பிரிவைத் தொடங்கினார்கள். ராணுவத்தில் டிரைவராக இருந்த அண்ணா ஹசாரே 1975-ல் மகாராஷ்டிரத்தின் ராலேகான் சித்திக்குத் திரும்பி, ஊராரின் சிரமதானத்தோடு மழைநீரைத் தேக்கி, வறண்ட அந்த ஊரை விளையவைத்தார். நீயும் செய்யலாம் தம்பி. முறையாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

1. முதலில் கேள், பிறகு மண்வெட்டியை எடு

காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் செம்மேடு. முதல் தடவை போகும்போது வேலை செய்யும் எண்ணத்தோடு போகாதே. ஊர்ப் பெரியவர்களையும் மகளிர் குழுத் தலைவியையும் பார்த்து, "உங்களுக்கு எந்த வேலைக்கு ஆள் போதவில்லை?" என்று கேள். அவர்கள் சொல்வதுதான் உன் வேலைப்பட்டியல். மலையில் எந்தச் சரிவில் எது விளையும் என்பது அந்த அம்மாக்களுக்குத் தெரியும். அங்கே உத்தரவு அவர்களுடையது. நிலம் வாங்கும் பேச்சை மட்டும் எடுக்கவே எடுக்காதே. எடுத்தால் உன்மேல் வைத்த நம்பிக்கை அன்றோடு போய்விடும்.

2. களை எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அம்மா இருக்கட்டும்

கோடை மழையிலோ தென்மேற்குப் பருவத்தின் தொடக்கத்திலோ சாமையை விதைப்பார்கள். மூன்றாவது, நான்காவது வாரத்தில் களைக்கு ஆள் தேடுவார்கள். நீ போக வேண்டிய நேரம் அது. சாமையும் புல் இனம்தான், இளம்பயிருக்கும் களைப்புல்லுக்கும் வித்தியாசம் புதிய கண்ணுக்குத் தெரியாது. அனுபவம் உள்ளவரிடம் பயிரைத் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்ட பிறகே பிடுங்கு. வரிசையாக விதைக்கலாம் என்று அவர்கள் முடிவெடுத்தால் கயிறு பிடித்துக் கொடு. வரிசை விதைப்பில் ஏக்கருக்குச் சுமார் 4 கிலோ விதை போதும், களை எடுப்பதும் சுலபம்.

3. சரிவில் மண் ஓடாமல் கட்டு

பாலமும் பாதையும் போட்ட சாப்பர்ஸ் தம்பிகளுக்கு ஏற்ற வேலை இது. மலைக்காட்டில் ஒரு பெருமழை போதும், மேல்மண் அடிவாரத்துக்கு இறங்கிவிடும். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் கல்வரப்பு போட வேண்டும். அந்த மட்டம் பார்க்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். ஏழடி நீளத்தில் இரண்டு கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டு. கால்களை அகட்டி, நடுவில் ஒரு குறுக்குக்கம்பு கட்டு. உச்சியிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிடு. இரண்டு கால்களும் நிற்கும் இடத்தில் அடையாளம் வைத்து, நூல் குறுக்குக்கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போடு. கால்களை இடம் மாற்றி வைத்து இன்னொரு கோடு போடு. இரண்டு கோடுகளுக்கும் நடுவே நூல் நின்றால் மட்டம் சரி. அப்படியே காலடி காலடியாகப் போய் முளைக்குச்சி அடித்தால் வரப்புக்கான பாதை கிடைத்துவிடும். பெரிய கல்லை அடியில் வை, வரப்போரம் வெட்டிவேர் நடு.

4. சாமை மில்லைக் கவனி

சாமையை மலைமக்கள் கைவிடத் தொடங்கியதற்கு ஒரு காரணம், அதைக் குத்திப் புடைக்கும் பாடு. உமி லேசில் விடாது. உரலும் உலக்கையுமாக அந்தப் பாரம் முழுவதும் பெண்கள் தோளில் விழுந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து கொல்லிமலையில் பணியாற்றி, ஊர்களிலேயே உமி நீக்கும் மில்களை வைக்க வழிசெய்தது. மில் நின்றால் பெண்கள் மறுபடி உலக்கையைத்தான் தூக்க வேண்டும். ராணுவத்தின் இயந்திரப் பழுது பார்க்கும் பிரிவான இ.எம்.இ.யில் வேலை பார்த்த தம்பிகளே, இது உங்கள் இடம். மெயினை அணைத்து ஃபியூஸைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும். பெல்ட் தளர்ச்சி, பேரிங் கிரீஸ், சல்லடைக் கிழிசல், எர்த் இணைப்பு எல்லாவற்றையும் பார். மாற்று பெல்ட் ஒன்று மில்லிலேயே இருக்கட்டும். முக்கியமாக, ஊரிலேயே இரண்டு பெண்களுக்குப் பழுது பார்க்கக் கற்றுக்கொடு. நீ இல்லாத நாளிலும் மில் ஓட வேண்டும்.

5. விதையில் கலப்பு வராமல் பார்

கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, மல்லியசாமை, திரிகுலச்சாமை என்று சாமையிலேயே பல ரகங்கள் இங்கே உண்டு. ஒன்றின் வயது வேறு, இன்னொன்று தாங்கும் மண் வேறு. மழை ஒரு ரகத்தைக் கைவிட்டாலும் இன்னொன்று வீட்டுக்குச் சோறு போடும். அதனால் ஒரு களத்தில் ஒரு ரகத்தைத்தான் அடிக்க வேண்டும். களத்தைக் கூட்டிய பிறகுதான் அடுத்த ரகம். நன்றாகக் காய்ந்த விதையை ரகவாரியாகப் பெயர், பருவம், தந்தவர் விவரத்தோடு சீட்டு எழுதி வை. 'தொம்பை' என்னும் பழைய குதிர் இருக்கும் வீட்டில் அதைச் செப்பனிடக் கைகொடு. விதைப்புக்கு முன் 100 விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்து, எத்தனை முளைத்தன என்று எண்ணிச் சொல். ஸ்டோர் கணக்கு எழுதிய கை, விதை வங்கியின் கொடுக்கல் வாங்கல் நோட்டையும் அழகாக எழுதும். நகரத்திலிருந்து புது விதைப் பொட்டலத்தை அன்பளிப்பாகக் கொண்டுபோகாதே.

6. மரவள்ளியைப் பழிக்காதே

சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி இந்த மலையில் பரவியது. கையில் காசு தந்தது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது. அதை நட்ட குடும்பத்திடம் போய்ப் பாடம் நடத்துவது மரியாதை இல்லை. சாப்பாட்டுக்கென ஒரு துண்டு நிலத்தில் சாமையோ கேழ்வரகோ போட அவர்களே விரும்பினால், அதற்கு ஆளாக நில். அதுதான் உதவி.

7. விளைந்ததை விற்கத் தோள் கொடு

சாமையை வாங்குவதற்கு ஆள் இருந்தால்தான் அடுத்த வருடமும் விதைப்பார்கள். நாமக்கல்லிலோ சேலத்திலோ உன் முன்னாள் படைவீரர் சங்கத்தில் பத்துக் குடும்பங்களைச் சேர். மாதம் இரண்டு கிலோ வீதம் மகளிர் குழுவிடம் நேராக வாங்கச் சொல், பேரம் பேசாமல். சோளக்காடு சந்தைக்கு மூட்டை ஏற்றும் நாளில் கூட நில். உனக்கு யாராவது பலாப்பழமோ மிளகோ சும்மா கொடுத்தால் அன்போடு வாங்கிக்கொள், மூட்டையாகக் கொடுத்தால் காசு கொடு.

8. உடம்பையும் ஒழுக்கத்தையும் காப்பாற்று

போவதற்கு முன் டி.டி. ஊசி போட்டுக்கொள். முழங்கால் வலி இருந்தால் மில், விதை, கணக்கு வேலைகளை எடுத்துக்கொள், கல் தூக்காதே. அவசரத்துக்குச் செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. சாப்பாட்டையும் தங்குமிடத்தையும் முன்பே பேசி, அதற்கான செலவைக் கொடுத்துவிடு. ராணுவக் கேன்டீன் மது பாட்டில் ஒன்றுகூட மலை ஏறக் கூடாது. உழைக்கப் போன இடத்தில் ஒரு குடும்பத்தின் நிம்மதி உன்னால் கெடக் கூடாது தம்பி. ராணுவ நர்ஸாக இருந்த தங்கைகளும் வரலாம். காட்டு வேலையில் ஏற்படும் வெட்டுக்காயத்துக்கு முதலுதவி சொல்லிக்கொடுத்தால் அது பெரிய உபகாரம்.

ஒரு நாள் வந்து மரக்கன்று நட்டு போட்டோ எடுத்துப் போகிறவர்கள் நிறைய. மலைக்கு வேண்டியது, விதைப்பிலிருந்து அறுப்பு வரை ஒரு முழுப் பருவம் கூட நிற்கும் ஆள். சொன்ன நேரத்துக்கு வருவது, சொன்ன வேலையை முடிப்பது, முடிந்ததும் அடுத்தவரிடம் முறையாக ஒப்படைப்பது ஆகிய மூன்றும் பட்டாளம் உனக்குக் கற்றுக்கொடுத்தவை. இந்த வாரமே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய், உன்னைப் போல் விருப்பமுள்ள நாலு பேரைச் சேர். கேட்பதற்கான அந்த முதல் பயணத்துக்குத் தேதி குறி.