மயிற்பொறியும் விண்கலமும்: கணினி விளையாட்டில் வசதியும் நம்பகமும்

சீவக சிந்தாமணியில் சச்சந்தன், கருவுற்ற விசயையைத் தப்புவிக்க மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கிறான். வலப்புறம் திருகினால் அது ஏறும்; இடப்புறம் திருகினால் இறங்கும். அரசி அதை ஓட்டப் பழகிக்கொள்கிறாள். பின்னர் கட்டியங்காரனின் வெற்றி முரசைக் கேட்டு அவள் மயங்க, பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. சீவகன் பிறப்பது அங்கேதான். புட்பக விமானமோ எத்தனை பேர் ஏறினாலும் இடம் தரும், நினைத்த இடத்துக்குப் போகும். வசதியில் புட்பகத்தை மிஞ்ச முடியாது. ஆயினும் பறத்தலை நாம் நம்புவது மயிற்பொறியில்தான், ஏனெனில் அதற்கு ஒரு வரம்பு உண்டு.

விண்வெளிக் கணினி விளையாட்டுகளிலும் இதே இழுபறிதான். விரிவுரை, டுட்டோரியல், பகுதிநேர வேலை எல்லாம் முடித்த மாணவருக்கு இரவில் மிஞ்சுவது ஒரு மணி நேரம். அதையும் வெற்றுவெளியில் பறந்தே கழிக்கச் சொன்னால் எவர் விளையாடுவார்? ஆகவே வசதி கேட்பது சோம்பல் ஆகாது. அந்த வசதிக்குக் கதையுலகம் என்ன காரணம் சொல்கிறது என்பதே கேள்வி.

டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் 1984இல் வெளியிட்ட ‘எலைட்’ இதற்கு அழகான விடை தந்தது. சுழலும் நிலையத்துக்குள் கலத்தைச் செலுத்துவது புதியவருக்குப் பெரும்பாடு. அதைத் தானாகச் செய்யும் கருவியை விளையாட்டுக்குள்ளேயே விலைக்கு வைத்தார்கள். கையில் 100 கிரெடிட்டுடன் தொடங்குபவர் 1,500 கிரெடிட் சேர்த்தால்தான் அது கிடைக்கும். வசதியே ஒரு சரக்காகிவிட்டது!

அதன் வழிவந்த ‘எலைட் டேஞ்சரஸ்’ (2014) நம் பால்வீதியையே உண்மை அளவில் விரிக்கிறது. 2016இல், தொலைவில் நிறுத்திய கலத்தை நொடியில் வரவழைக்கும் வசதியைத் தயாரிப்பாளர்கள் அறிவித்தனர். எதிர்ப்பு கிளம்பியது. நீண்ட தூரம் தாவும் இலகு கலமும், குறைந்த தூரமே தாவும் கனத்த போர்க்கலமும் அவ்வுலகில் வெவ்வேறு பயனுடையவை. இலகு கலத்தில் முன்னே ஓடி, போர்க்கலத்தை நொடியில் வரவழைக்கலாம் என்றால் அந்த வேறுபாட்டுக்குப் பொருள் ஏது? விளையாடுபவர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. அவர்கள் தேர்ந்தது தாமதத்தைத்தான்! தொலைவுக்கேற்பக் காத்திருப்பும் கட்டணமும் என்ற முறை வந்தது.

வியப்பாக இருக்கலாம். தேக்காவில் விற்கும் மல்லிகைச் சரத்தை எண்ணிப் பாருங்கள். அது கடல் கடந்து, வாடுவதற்குள் வந்து சேரவேண்டும் என்பதால்தான் அதற்கு அந்த விலை. இடையில் இறக்குமதியாளருக்கும் வேலை. பூ நொடியில் வந்துவிடுமானால் சிராங்கூன் சாலையில் பூக்கடையே வேண்டாம். விண்வெளி வணிகருக்கும் அதே கதிதான்.

ஆனால் 2017இல் அதே விளையாட்டு வேறு வழியில் வழுக்கியது. நண்பரின் கலத்தில், அது எங்கிருந்தாலும், ஒளியுருவாக உடனே தோன்றிப் பணிசெய்யலாம் என்றார்கள். நண்பர்களைச் சேர்த்துவைக்க அது நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் பீரங்கியை இத்தனை தொலைவிலிருந்து இயக்க முடியுமென்றால், உயிரைப் பணயம் வைத்து விமானி ஏன் கலத்துக்குள் அமரவேண்டும்? மீட்புப் பணிகள் எதற்கு? என் கணிப்பில், காரணமே சொல்லாமல் “இது விளையாட்டு வசதி” என்று விட்டிருந்தால் குறை சிறிதாயிருக்கும். அரைகுறைக் காரணம் உலகின் மற்ற மூலைகளையும் அரித்துவிடுகிறது.

நம் ஊரிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு, விண்ணில் அல்ல, கடலில். யூபிசாஃப்ட்டின் சிங்கப்பூர்க் கிளை தலைமையேற்று உருவாக்கி 2024இல் வந்த ‘ஸ்கல் அண்ட் போன்ஸ்’, இந்தியப் பெருங்கடல் கொள்ளையர்களைப் பற்றியது. அதில் கரையோர மரத்தை வெட்டக் கப்பலைவிட்டு இறங்கவே வேண்டாம். தளத்தில் நின்றபடி பொத்தானைத் தக்க நேரத்தில் அழுத்தினால் மரக்கட்டை கப்பலுக்குள் வந்துவிடும். அத்தனை நீளமான ரம்பத்தை அந்தக் கொள்ளையர் எந்தக் கடையில் வாங்கினாரோ, விளையாட்டு சொல்லவில்லை.