9 எம்.எம்.மா, பாயின்ட் 32-வா?

கேள்வி: தி.நகரில் நகைக்கடை வைத்திருக்கிறேன். இரவில் வசூல் பணத்தோடு அடையாறு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வாங்க நினைக்கிறேன். 9 எம்.எம். நல்லதா, .32 நல்லதா?
- வாசகர், சென்னை-17

பதில்: அந்தத் தேர்வை அரசாங்கம் உங்களிடம் விட்டுவைக்கவில்லை, ஐயா! 9 எம்.எம். ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் ரகம். நம்மைப் போன்றவர்களுக்குத் தடை செய்யப்பட்டது. தற்காப்புக்கு லைசென்ஸ் வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் .32தான் கதி. கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர், 2014இல் பெண்களுக்கென்று வந்த அரைக் கிலோ ‘நிர்பீக்’ எல்லாம் இந்த ரகமே. .32 பிஸ்டலும் உண்டு. ஆனால் ரிவால்வர் தோட்டா வேறு, பிஸ்டல் தோட்டா வேறு. மாற்றிப் போடக் கூடாது.

தற்காப்பில் சுடும் தூரம் பெரும்பாலும் சில அடிகள்தான். அங்கே தோட்டாவின் பருமனைவிடக் குறிதான் முக்கியம். குறி பயிற்சியால் வரும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் பயிற்சியைக் கேட்கின்றன.

சென்னையில் லைசென்ஸ் தருபவர் போலீஸ் கமிஷனர். உயிருக்கு ஆபத்து என்பதற்கு ஆதாரம் வேண்டும், ஆசை போதாது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். சுட்டுவிட்டால், தேவைக்கு மேல் பலத்தைப் பயன்படுத்தவில்லை என்று கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டும்.

என் தீர்ப்பு: பணத்தை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். வங்கி ஆளையே கடைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். துப்பாக்கியைவிடச் செலவு குறைவு, தூக்கமும் வரும்.