கைக்கணினியோடு பையில் இருக்க வேண்டியவை

மடிக்கணினி எதற்கு, கைக்கணினி போதும் என்று பக்கத்துப் பள்ளிக்கு மாதிரி வகுப்பெடுக்கச் சென்றேன். புரொஜெக்டர் இருந்தது, இணைக்க வழியில்லை. இருபத்திரண்டு குழந்தைகள் சிறு திரையைச் சுற்றி முண்டியடித்தார்கள். பின்னால் நின்ற சிறுமி எதையும் பார்க்காமலே வீடு திரும்பினாள்.

இப்போது என் பையில் இவை உண்டு:

1. டைப்-சி எச்டிஎம்ஐ இணைப்பான்: எல்லாக் கைக்கணினிகளும் டைப்-சி வழியே படம் அனுப்பாது. வாங்கும் முன் சோதியுங்கள்.
2. ஓடிஜி இணைப்பான்: பென்டிரைவில் உள்ள காணொலியை இணையமின்றிக் காட்டலாம்.
3. 10,000 எம்ஏஎச் பவர்பேங்க்: மின்சாரம் போனாலும் கைக்கணினி அணையாது.
4. மடக்குத் தாங்கி: கரும்பலகையில் எழுத நம் கைகள் ஓய்ந்திருக்கும்.
5. புளூடூத் விசைப்பலகை: வினாத்தாள் தயாரிக்க.

முந்தைய நாளே எல்லாவற்றையும் ஒருமுறை இணைத்துப் பாருங்கள். அந்தச் சிறுமிக்காக நான் மறுவாரம் மீண்டும் சென்றேன்.