ஆறாவது உரையிலிருந்து தொடங்கு

அன்பு மருமகளே,

எஸ்பிஎம் தேர்வுக்குக் கணக்கியல் எடுத்துவிட்டதால் இயற்பியல் இனி உனக்கில்லை என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு கேட்கவில்லை. பிரிவு பார்ப்பது தேர்வுதான்; ஓர் உரையை உட்கார்ந்து கேட்க எந்தப் பிரிவும் வேண்டாம்.

1964-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் ஏழு பொது உரைகள் ஆற்றினார். பிபிசி அவற்றைப் படம்பிடித்து வைத்தது. வரிசைப்படி போகாதே, ஆறாவதை முதலில் பார். வேகமாகப் பேசுவார்; வசன வரிகளைப் போட்டுக்கொள்.

அந்த உரையில் வருவது இதுதான்: இரண்டு துளையுள்ள ஒரு தடுப்பு. முதலில் துப்பாக்கிக் குண்டுகள். இரண்டு துளைகளும் திறந்திருந்தால், ஒவ்வொரு துளை வழியாகவும் தனித்தனியே வந்து விழுந்தவற்றின் கூட்டுத்தொகைதான் கிடைக்கும். அடுத்து நீரலை. இரு துளைகளிலிருந்தும் வரும் அலைகள் ஓரிடத்தில் சேர்ந்து எழும்பும், வேறோரிடத்தில் ஒன்றையொன்று அழித்துவிடும். கடைசியில் எலெக்ட்ரான். குண்டு மாதிரி ஒவ்வொன்றாக, முழுசாக வந்து விழுகிறது. ஆனால் நிறைய விழுந்தபின் பார்த்தால் அலையின் கோடுகள்! இதைப் புரிந்துகொள்ளக் கூட்டல் தெரிந்தால் போதும்.

சமன்பாடு வந்தால் ஓட்டிவிடாதே. எது கூடினால் எது குறைகிறது என்று மட்டும் கவனி. விடை வருமுன் நிறுத்தி, உன் ஊகத்தை நோட்டில் எழுது. வெறுமனே பார்த்தால் இரண்டு நாளில் மறந்துபோகும்.

கணிதம் இல்லாமல் இயற்கையின் ஆழ்ந்த அழகை உணர முடியாது என்று அவரே இரண்டாவது உரையில் சொல்கிறார். அது உண்மைதான். ஆனால் அந்த அழகு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கணிதத்தின் மேல் ஆசையே வரும். சென்னை ஐஐடியில் பேராசிரியராக இருந்த வி. பாலகிருஷ்ணனின் குவாண்டம் இயற்பியல் வகுப்புகளும் என்பிடெல் இணையதளத்தில் இருக்கின்றன. அருமையானவை; ஆனால் கணிதம் கற்ற மாணவர்களுக்கான முழுப் பாடம். இப்போதைக்கு வேண்டாம்.

இதெல்லாம் நமக்குத் தொலைவான விஷயமில்லை. உங்கள் சுங்கை வே தடையற்ற வாணிப வட்டாரத்து எலெக்ட்ரானிக் தொழிற்சாலைகளில் 1970-களிலிருந்து நம் பெண்களும் ஷிப்டு வேலை செய்திருக்கிறார்கள். அந்தத் தொழிலுக்கு அடிப்படையான சிலிக்கான், மின்சாரம் கடத்துவதில் ஏன் செம்பைப் போலவும் இல்லாமல், கண்ணாடியைப் போலவும் இல்லாமல் நடுவில் நிற்கிறது என்பதற்கு விளக்கம், எலெக்ட்ரானின் இந்த அலைத்தன்மையில்தான் இருக்கிறது.

எலெக்ட்ரான் எந்தத் துளை வழியே போகிறது என்று கண்டுபிடிக்க ஃபைன்மன் ஒரு விளக்கு வைப்பார். அங்கே நிறுத்து. அந்த அலைக் கோடுகள் என்ன ஆகும் என்று நினைக்கிறாய்? எழுதி அனுப்பு. விடையை நான் சொல்லப்போவதில்லை.

அன்புடன்,
மாமா