எந்த அந்நியரைச் சொல்கிறார்கள்?

கேள்வி: ஐயா, எங்கள் தாமானில் மியன்மாரிலிருந்து வந்த ரொஹிங்யா குடும்பம் ஒன்று குடியிருக்கிறது. அவர்களைப் பார்த்து எனக்குப் பயம் வந்ததில்லை. நாளிதழ்ப் பத்திகளைப் படித்தால்தான் பயம் வருகிறது. பத்தி எழுதுகிறவர்களை எவ்வளவு தூரம் நம்பலாம்?
– வாசகர், மாசாய், ஜொகூர்

பதில்: பத்தி எழுதுகிறவர் யாரைப் பற்றி எழுதுகிறார் என்று முதலில் பாருங்கள். பெர்மிட்டோடு வந்த தொழிலாளி ஒருவர். பெர்மிட் முடிந்தும் தங்கிவிட்டவர் இன்னொருவர். உயிருக்குப் பயந்து ஓடிவந்து, ஐநா அகதிகள் ஆணையத்தின் அட்டையை வைத்திருப்பவர் வேறொருவர். பல பத்திகள் ரொஹிங்யாவில் தொடங்கி, வங்காளதேசத் தொழிலாளியைத் தொட்டு, கடைசியில் எல்லாரையும் 'அந்நியர்' ஆக்கி முடிகின்றன. நம் சட்டமும் இதற்குத் துணை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா சேரவில்லை. குடிநுழைவுச் சட்டத்தில் அகதி என்றொரு பிரிவே கிடையாது. சட்டம் பிரிக்காவிட்டால் என்ன, பிரித்துக் காட்டத்தானே பத்தி?

'நம் வேலையைப் பறிக்கிறார்கள்' என்பார்கள். அடுத்த பாராவிலேயே 'நம் வரிப்பணத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்' என்பார்கள். இரண்டில் எது? அகதிகளின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை. அரசு மருத்துவமனையில் அந்நியருக்கான கட்டணம். ஐநா அட்டை காட்டினால் அதில் பாதி.

2020 ஏப்ரலில் லங்காவி அருகே ரொஹிங்யா படகு திருப்பி அனுப்பப்பட்ட நாள்களில், கொவிட் நோயைக் கொண்டுவருகிறார்கள் என்பதே எங்கும் பேச்சு. மே 1-ஆம் தேதி கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா வட்டாரத்தில் சோதனை நடத்தி அந்நியர் பலரைப் பிடித்தார்கள். அந்த மாதக் கடைசியில் புக்கிட் ஜாலில் தடுப்பு முகாமுக்குள் தொற்று பரவியது. முகாம் நெரிசலைப் பற்றியல்லவா பத்திகள் கேட்டிருக்க வேண்டும்?

இரக்கப்பட்டு எழுதுபவர்கள் மீதும் எனக்குக் குறை உண்டு. அவர்கள் காட்டும் அகதி அழுவார், பேசமாட்டார். வாடகை, முதலாளி, பிள்ளையின் படிப்பு என்று அவருக்கும் சொல்ல ஆயிரம் இருக்கும். கேட்டு எழுதினால் பாதிப் பயம் போய்விடும்.

தமிழ்ப் பத்திகளில் இந்த ஏச்சைப் படிக்கும்போதுதான் எனக்குக் கூடுதலாக வலிக்கிறது. நம்மவரும் ஒரு காலத்தில் இங்கே அந்நியர்தான். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்ததும், லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதும், பல்லாயிரம் பேர் ஊர் திரும்பினார்கள். இங்கேயே பிறந்தும் குடியுரிமை இல்லாமல், சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையடைந்த தமிழர் இன்றும் உண்டு. அவ்வளவு ஏன், தினமும் விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் ஜொகூர்க்காரர் அங்கே யார்?

பயமுறுத்தும் பத்தி அடுத்து வரும்போது, 'எந்த அந்நியரைச் சொல்கிறீர்கள், அவரிடம் பேசினீர்களா?' என்று கேட்டு ஆசிரியருக்குக் கடிதம் போடுங்கள். உங்கள் அண்டை வீட்டாரைப் பற்றியும் எழுதுங்கள். ஆனால் அவர்கள் பெயரும் தாமானும் அதில் வேண்டாம். குடிநுழைவுத் துறையின் தடுப்பு முகாம் உங்கள் ஜொகூரிலேயே, பெக்கான் நானாஸில்தான் இருக்கிறது.