குடல் புற்றுநோய் அறுவை: துளைவழி முறையும் திறந்த முறையும்

பெருங்குடல் புற்றுநோய்க்கு இன்றும் முதன்மையான சிகிச்சை அறுவையே ஆகும். நோயுற்ற குடற்பகுதியையும் அதனைச் சார்ந்த நிணநீர்க் கணுக்களையும் அகற்றி, எஞ்சிய முனைகளை இணைப்பதே அதன் சாரம். வயிற்றை நீளமாகக் கீறித் திறந்து இதனைச் செய்வது பழைய முறை. சில சிறு துளைகள் இட்டு, கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பச் செய்து, ஒளிக்குழாய் காட்டும் உருவத்தைத் திரையில் பார்த்தவாறே நீண்ட கருவிகளால் செய்வது லேப்ராஸ்கோப்பி எனப்படும் துளைவழி முறை. அகற்றிய குடலை வெளியே எடுக்க இதிலும் ஒரு சிறு கீறல் தேவை.

குடும்பநல அறுவையின் வாயிலாக இக்கருவி நம் சிற்றூர்களிலும் அறிமுகமானதே. ஆயினும் புற்றுநோய்ச் சிகிச்சையில் இதன் இடம் எளிதில் உறுதிப்படவில்லை. அது உறுதிப்பட்ட விதம், புதிய தொழில்நுட்பத்தைப் பொதுநிதியில் ஏற்குமுன் எவற்றை ஆராய வேண்டும் என்பதற்கு நல்லதொரு பாடமாகும்.

ஐயமும் சோதனையும்

1980களின் பிற்பகுதியில் பித்தப்பை அறுவையில் வெற்றி கண்ட இம்முறை, 1990களின் தொடக்கத்தில் குடல் அறுவைக்கும் விரிந்தது. விரைவிலேயே, துளையிட்ட இடத்தில் புற்று மீண்டும் தோன்றுவதாகச் செய்திகள் வந்தன. 1994ஆம் ஆண்டில் வெளியான ஒரு சிறு அறிக்கையில் 14 நோயாளிகளுள் மூவருக்கு அவ்வாறு நேர்ந்திருந்தது. சில நாள் முன்னதாக வீடு திரும்புவதற்காக நோய் தீரும் வாய்ப்பையே பணயம் வைக்கலாமா என்ற வினா எழுந்தது.

இதற்கு விடை காண, 872 நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பெற்ற ஆய்வின் முடிவு 2004இல் வெளிவந்தது. மூன்றாண்டுகளில் நோய் மீண்டவர்கள் துளைவழி முறையில் 16 சதவீதம். திறந்த முறையில் 18 சதவீதம். உயிருடன் இருந்தோர் முறையே 86, 85 சதவீதம். காயத்தில் புற்று மீண்டது இரு பிரிவிலும் ஒரு சதவீதத்திற்கும் குறைவே. மருத்துவமனையில் தங்கிய காலம் ஆறு நாளிலிருந்து ஐந்து நாளாகக் குறைந்தது. ஆக, நோய் தீர்வதில் இரண்டும் சமம். ஆதாயம் உடல் தேறுவதில்தான்.

மலக்குடல் புற்றுநோயில் நிலை இவ்வளவு தெளிவாக இல்லை. 2015இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் இரு முறைகளும் சமமாக இருந்தன. அதே ஆண்டின் அமெரிக்க, ஆஸ்திரேலிய ஆய்வுகளால், அகற்றிய பகுதியின் தரத்தில் துளைவழி முறை குறைந்ததன்று என நிறுவ இயலவில்லை.

கருவியா, கைத்திறனா?

பிரிட்டனில் 1996 முதல் 2002 வரை 27 மருத்துவமனைகளில் 794 நோயாளிகளைச் சேர்த்து நடந்த ஆய்வு மற்றோர் உண்மையை உணர்த்தியது. துளைவழியில் தொடங்கியவர்களுள் 29 சதவீதத்தினருக்கு இடையிலேயே திறந்த முறைக்கு மாற நேர்ந்தது. அவர்களுக்குச் சிக்கல்களும் மிகுதியாயின. முதலாண்டில் 38 சதவீதமாக இருந்த இவ்விகிதம் ஆறாம் ஆண்டில் 16 சதவீதமாயிற்று. பங்கேற்ற மருத்துவர் ஒவ்வொருவரும் முன்னரே இருபது அறுவைகளேனும் செய்தவர் என்பது கருதத்தக்கது. செலவைப் பொறுத்தவரை, அறுவை அரங்கில் கூடியது பிற இனங்களில் குறைந்து, மொத்தம் ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்தது.

இங்கிலாந்தின் மருத்துவ மதிப்பீட்டு நிறுவனம் 2000ஆம் ஆண்டில் திறந்த முறையையே பரிந்துரைத்து, துளைவழி முறையை ஆய்வுகளுக்குள் நிறுத்தியது. சான்றுகள் திரண்டபின், 2006இல், பயிற்சி பெற்றுத் தொடர்ந்து செய்துவரும் மருத்துவர்கள் இதனை மாற்று முறையாகக் கையாளலாம் என்றது. 2008இல் நாடளாவிய பயிற்சித் திட்டமும் தொடங்கியது.

நமக்குரிய படிப்பினை

மருத்துவமனைக் கணக்கில் ஒரு படுக்கை நாள் சிறு தொகையே. நாட்கூலி பெறும் குடும்பத்திற்கோ அது நோயாளியின் கூலியும் உடனிருக்கும் உறவினரின் கூலியும் சேர்ந்த இழப்பு. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. இழந்த கூலியை அது ஈடுசெய்வதில்லை. எனவே விரைவில் உடல் தேறுவது ஏழைக்கே பெரும்பயன் தரும்.

ஆனால் கருவியை ஓராண்டு ஒதுக்கீட்டில் வாங்கிவிடலாம். கைத்திறனை அவ்வாறு வாங்க இயலாது. குடல் அடைபட்ட நிலையிலோ கட்டி முற்றிய நிலையிலோ வருவோர்க்குத் திறந்த முறையே பல வேளைகளில் ஏற்றது. ஆகவே, பயிற்சி முந்தவும் கருவி பிந்தவும், போதிய எண்ணிக்கையில் அறுவைகள் நடைபெறும் மையங்களில் இப்பணியைத் தொடங்குவதே பொதுப்பணத்திற்கும் நோயாளிக்கும் பாதுகாப்பாகும்.